பிசிறில்லாத எலும்புகள்

மனிதருக்கு எலும்பு ஆதியிலிருந்தே உண்டு. அதற்கு அழகு வந்தது, அந்த எக்ஸ்ரே நிலையம் புது மென்பொருள் வாங்கிய பிறகுதான்.

திரையில் பெரிதாக்கினால் எந்தப் படத்தின் ஓரமும் ரம்பப் பல் மாதிரி தெரியும். இது நிலையத்தின் "கண்ணியத்துக்கு" இழுக்கு என்று மேலாளர் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார். அன்று முதல் பிசிறு கண்ட இடத்தையெல்லாம் மென்பொருளில் தேய்ப்பது, படம் எடுக்கும் இஸ்திரியின் பொறுப்பு. நிலையத்தில் அவளுக்கு அதுதான் பெயர். தேய்த்துத் தேய்த்து அது சுபாவமாகவே ஆகிவிட்டது. வீட்டில் கணவன் குரல் உயர்ந்தால்கூட, மனசுக்குள் அதன் கூர்மையை மழுக்கிவிட்டுத் தட்டு வைப்பாள்.

பலன் உடனே தெரிந்தது. எலும்பு முறிந்தவர்கள் குறைந்தார்கள். டாக்டரும் படத்தைப் பார்த்து "நார்மல்" என்று எழுதுவாரே தவிர, ஆளைத் தொட்டுப் பார்க்கும் அநாகரிகம் அவரிடம் கிடையாது.

ஒருநாள், குளியலறையில் வழுக்கி விழுந்த இஸ்திரியின் தங்கை வீங்கிய மணிக்கட்டோடு வந்தாள். படத்தில் எலும்பின் குறுக்கே மெல்லிய கோணல் கோடு. என்னவென்று மூளை யோசிப்பதற்குள் கை தேய்த்து முடித்து, சேமித்தும்விட்டது. பழைய படத்தை மென்பொருள் வைத்துக்கொள்ளாது. அது அதன் பெருந்தன்மை.

எலும்பு சிலை மாதிரி இருக்கிறது, வலி மனசில்தான் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

"நீதானேக்கா படம் எடுத்தே. ஒண்ணுமே இல்லையா?" என்றாள் தங்கை. "அப்போ நான் நடிக்கிறேனா?"

ஒன்றும் இல்லை என்று சொன்னால் தங்கையின் கை கோணலாகக் கூடிவிடும். கோடு இருந்தது என்று சொன்னால், இத்தனை நாள் தேய்த்ததெல்லாம் யாருடைய எலும்பு என்ற கேள்வி வரும். இஸ்திரி நேரே மேலாளர் அறைக்குப் போனாள். கோடு இருந்ததைச் சொல்லி, தேய்க்காமல் இன்னொரு படம் எடுக்க அனுமதி கேட்டாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உன் தங்கச்சிக்கு மட்டும் பிசிறோட குடுத்தா மத்தவங்க என்னம்மா நினைப்பாங்க?"

"சார், மத்தவங்களுக்கும்..."

"ஊழியர் குடும்பத்துக்குச் சலுகைன்னு வச்சுக்குவோம். வெளியே சொல்லாதே."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. நன்றி சொன்னாள். அன்று மாலையே தங்கையின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டாயிற்று.

மறுநாள் காலை, முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு தையல்காரர் வந்தார். அவருக்கு அங்கே வேலை பார்க்கும் அக்கா யாரும் இல்லை. படம் மிக அழகாக வந்தது.