ஆறு அங்குல ஆணியும் தரையில் விழுந்த சம்பந்தியும்

லுக்காயா,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு.

‘ஏரிக்கரைச் செய்தி’ பத்திரிகையின் மாண்புமிகு ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, காப்பிக்கொட்டை நிலையத்தில் முப்பத்தோரு வருடம் தராசு பார்த்து ஓய்வு பெற்ற பிலாசியோ கட்டெரெக்கா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி பெதெரேசி, வாழைத்தோட்டம், ஆடு இரண்டு, எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் அச்சு இயந்திரத்தின் சுகத்தையும் அறிய ஆவல். தங்களுக்கு இது என் ஒன்பதாவது கடிதம். முந்தைய எட்டையும் தாங்கள் பிரசுரிக்கவில்லை. தங்கள் குப்பைக்கூடையும் சுகமாக, வயிறு நிறைந்து இருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் ஆணி பற்றியது. தங்கள் பத்திரிகையில் ‘சுத்தியல் மாமா’ என்று ஒரு மேதாவி, வீட்டு மரவேலைக்கு யோசனை சொல்லிவருகிறார். நேற்று என் மகள் நசிவாவைப் பெண் கேட்கும் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் மசாக்காவிலிருந்து ஒரு பஸ் நிறைய வருகிறார்கள். எல்லோரும் வாடகைக்கு பிளாஸ்டிக் நாற்காலி எடுப்பார்கள். நானும் எடுத்தேன். ஆனால் முன்வரிசைப் பெரியவர்களையும் அதிலேயே உட்கார வைத்தால் கட்டெரெக்காவின் மரியாதை என்னாவது? அதனால் நல்ல முவுலே மரத்தில், என் கையாலேயே ஒரு பெஞ்சு செய்வது என்று தீர்மானித்தேன். முவுலே கல் மாதிரி மரம், தங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு எத்தனை தடிமனான ஆணி வேண்டும் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, பெதெரேசி சந்தையில் வாங்கிவந்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். பொட்டலம் கட்டியிருந்த காகிதத்தில் சுத்தியல் மாமா! கடவுளே அனுப்பினார் என்று நினைத்தேன். கடவுளுக்கு வேறு வேலை இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

மாமா எழுதியிருந்தது இதுதான்: ஆணி எவ்வளவு தடிமனோ பிடிப்பு அவ்வளவு உறுதி. மரம் கெட்டியாக இருந்தால் ஆணி அதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். பலகையில் விரிசல் விட்டால் பயப்படாதே, பக்கத்திலேயே இன்னொன்று அடி, இறுகிவிடும். இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு லுவாங்குலாவின் இரும்புக் கடைக்குப் போய் ஆறு அங்குல ஆணி இரண்டு கிலோ கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“கூரை போடறீங்களா ஐயா?”

“பெஞ்சு.”

“பெஞ்சா? எந்த யானை உக்காரப் போகுது?”

“நீ ஆணியை நிறுத்துப் போடு. தராசுல உன் கட்டைவிரலை வைக்காம போடு” என்றேன். முப்பத்தோரு வருட அனுபவம் சும்மா போகுமா? அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

என் விரல் பருமனுக்கு ஆணி, பலகையோ ஒரே அங்குலம். முதல் ஆணி இறங்கும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம், பலகையின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. மாமாதான் பயப்படாதே என்றிருக்கிறாரே, பக்கத்தில் இன்னொன்று அடித்தேன். முடி இரண்டாயிற்று. இன்னொன்று அடித்தேன். இப்படி ஒரு காலுக்குப் பதினோரு ஆணி ஆனபோது, கம்பாலாவிலிருந்து வந்திறங்கிய நசிவா பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள். அவளுக்குக் கம்பாலாவில் ஏதோ காகிதக் கம்பெனியில் வேலை. நோட்டுப் புத்தகம் தைக்கிற இடம் என்று எனக்கு ஞாபகம்.

“அப்பா, இவ்ளோ தடி ஆணி இந்தப் பலகைக்கு ஆகாதுப்பா. மெல்லிசா வாங்கி, முதல்ல துளை போட்டு அடிக்கணும்.”

“பத்திரிகையிலேயே போட்டிருக்கான். சுத்தியலைக் கையால தொடாத நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா?”

“எந்தப் பத்திரிகை?” என்று காகிதத்தை வாங்கிப் பார்த்தவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “மிச்சப் பாதி எங்கப்பா?”

“மிச்சப் பாதியில உங்கம்மா இன்னொரு பொட்டலம் வாங்கியிருப்பா. போய் வாழைக்காய் உரி.”

விரிசல்களில் மெழுகை உருக்கி ஊற்றி, மேலே பாலிஷ் போட்டேன். பெஞ்சு பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி நின்றது.

நேற்று மதியம் விருந்தாளிகள் வெள்ளை அங்கிகளும் சீர்க்கூடைகளுமாக வந்து சேர்ந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா. இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் ஊரே மரியாதையாக சலோங்கோ என்று கூப்பிடும். உடம்பைப் பார்த்தால் பெற்றதும் அவர்தானோ என்று தோன்றும். அவர்தான் அவர்கள் தரப்புப் பேச்சாளர். எங்கள் தரப்புக்குப் பேச எங்கள் ஊர் வாயாடி கசூலே. பெண்ணைப் பெற்றவன் அன்று வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கமாயிற்றே. கட்டெரெக்கா வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நாள் அதுதான் என்று பெதெரேசி பிறகு சொன்னாள்.

சலோங்கோ எழுந்து, பெண் கேட்க வந்தவர்கள் சொல்லும் முறைப்படி கணீரென்று ஆரம்பித்தார். “ஐயா, நாங்க வழிதவறி வரல. இந்த வீட்டுல பிள்ளைங்களா பொறக்கணும்னு வந்திருக்கோம்!” கைதட்டல். அந்தப் பெருமையோடு பெஞ்சில் ‘தொப்’பென்று உட்கார்ந்தார். நாலு காலும் நாலு திசைக்குப் போயிற்று. பலகை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சலோங்கோவும் இரண்டு சித்தப்பாக்களும் தரையில் கிடந்தார்கள். நாற்பத்து நாலு ஆணியும் ஒன்றுகூட வளையாமல் வானத்தைப் பார்த்து நின்றன. ஆணிக்கு ஒரு குறையும் இல்லை ஐயா, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

“பொறக்க வந்தவங்களை இப்படியா தரையில போடுவீங்க?” என்று கத்தினார் சலோங்கோ.

“பொறக்கற பிள்ளை முதல்ல தரையிலதானே விழும்?” என்றான் கசூலே. பாவி, ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா! கூட்டம் சிரித்தது. அவர்கள் பக்கம் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்து, “உக்கார இடம் கொடுக்காத வீட்டுல பொண்ணு வேற கேக்கணுமா? கூடையைத் தூக்குங்க, கிளம்பலாம்” என்றாள். இரண்டு பெண்கள் கூடையைத் தலையில் வைத்தே விட்டார்கள். என் தொண்டைவரை வார்த்தை வந்தது, வழக்கம் தடுத்தது. என் மகளின் வாழ்க்கையை என் கையாலேயே பிளந்துவிட்டேனே என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நசிவாவை அழைத்து வந்தார்கள். அவள் வந்து மண்டியிட்டாள். நசிவாவின் அத்தை முறைப்படி கேட்டாள். “இவங்களை உனக்குத் தெரியுமா மகளே? இவங்க கொண்டுவந்ததை நாங்க சாப்பிடலாமா?”

நசிவா பிளந்த பலகையைப் பார்த்தாள், இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த சலோங்கோவைப் பார்த்தாள். “தெரியும் அத்தை. எங்கப்பா செஞ்ச பெஞ்சுல உக்காந்த பிறகும் இன்னும் ஓடிப்போகாம நிக்கிறாங்களே, இவங்களை விட்டா எனக்கு வேற யாரு?”

சலோங்கோ முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வயிற்றால் சிரித்தார். கூடைகள் இறங்கின. “கூடை இறங்கிடுச்சு, அபராதம் இறங்கல! பெண்வீட்டார் எனக்கு வேற பெஞ்சு செஞ்சு கொடுக்கணும். துளை போட்டு அடிக்கணும். இந்தாளு மட்டும் அதைத் தொடக் கூடாது!” என்று என்னைக் காட்டினார். நிச்சயம் ஆயிற்று. சாப்பாடும் ஆயிற்று. என் மானம் மட்டும் இன்னும் லுக்காயா சந்தையில் கிலோ கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஆசிரியர் ஐயா, என் கோரிக்கை சிறியது. சுத்தியல் மாமாவை உடனே வேலையை விட்டு நீக்கவும். ஆணி பிடிக்கத் தெரியாத, பேனா மட்டும் பிடிக்கத் தெரிந்த அந்த ஆளைப் பெற்ற அப்பன் யாரோ, அவனுக்கும் என் கண்டனத்தைத் தெரிவிக்கவும். தங்கள் பிள்ளைகுட்டிகள் நல்ல உறுதியான ஆசனங்களில் அமர்ந்து நீடூழி வாழ ஆண்டவர் அருள்வாராக.

தங்கள் உண்மையுள்ள,
பிலாசியோ கட்டெரெக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பெதெரேசி தன் கூடையின் அடியிலிருந்து கடலைத்தோல் ஒட்டிய மிச்சப் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில், “மேலே உள்ளவை ஊரில் உலவும் மூடநம்பிக்கைகள். இவற்றில் ஒன்றையும் செய்துவிடாதீர்கள். கெட்டி மரத்துக்கு மெல்லிய ஆணி, முதலில் துளை” என்று இருக்கிறது. இதை நான் வாய்விட்டுப் படித்தபோது, கூடவே நசிவாவும் மனப்பாடமாகச் சொன்னாள். “நீ எப்படிடி?” என்றேன். “நான் எழுதினதுப்பா. நீங்க கோழிக்கூடு செஞ்சதைப் பாத்துதான் கத்துக்கிட்டேன், எப்படிச் செய்யக் கூடாதுன்னு. பத்திரிகைக்காரங்க எல்லாம் வெட்டிப்பயலுங்கன்னு நீங்க சொல்லிட்டே இருப்பீங்களே, அதான் காகிதக் கம்பெனின்னு சொல்லி வெச்சேன்” என்றாள். தங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பதும் அவள்தானாம். என் எட்டுக் கடிதங்களையும் போட்டால் தனக்குக் கல்யாணமே ஆகாது என்று மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறாளாம். “இதுக்கு எதுக்கு ஸ்டாம்பு? குடுங்க, நாளைக்கு நானே எடுத்துட்டுப் போய் நானே பிரிச்சுக்கறேன்” என்கிறாள். கடைசிப் பத்தியை அடித்துவிட்டதாகக் கருதவும். மாமாவுக்குச் சம்பளம் உயர்த்தினால் ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
சுத்தியல் மாமாவைப் பெற்ற அப்பன்.