நிய்யத்து ஹாஜியாரின் பச்சைக் கல்

தன் சொத்தின் விலையை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து காதைப் பொத்திக்கொண்டு திரிந்த முதலீட்டாளர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கல்முனையில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஊர் அவரை நிய்யத்து ஹாஜியார் என்றது. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

பிரதான வீதியில் அவருக்கு உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை. ரூபாய் சரிந்த காலத்தில், காலையில் விற்ற பெயாரிங்கை அதே காசுக்கு மாலையில் திருப்பி வாங்க முடியாமல் போனது. அன்றோடு அவர் காசை நம்புவதை விட்டார். மற்றவர்களும்தான் விட்டார்கள், ஆனால் அவர்கள் தங்கத்துக்கோ காணிக்கோ போனார்கள். ஹாஜியார் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் சோதித்தார்: கடல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாமா? சுனாமியில் அவருடைய முதல் கடை கதவு நிலையோடு போயிருந்தது. ஆகவே கேள்வியில் நியாயம் இருந்தது. காணி தோற்றது. வீடு தோற்றது. தங்கம் கிட்டத்தட்ட வென்றது. ஆனால் தங்கத்தைக் கள்ளனுக்கும் அடையாளம் தெரியும், பெண்சாதிக்கும் தெரியும் என்று அதையும் தள்ளிவிட்டார்.

பிறகு பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போனார். திரும்பி வந்தபோது சட்டைப் பையில், பஞ்சில் சுற்றிய பச்சைக் கல் ஒன்று இருந்தது. பயற்றை விடக் கொஞ்சம் பெரிது. அதற்காகச் சம்மாந்துறை வயல் போயிருந்தது. இளைய மகள் ஷிபானாவின் வீட்டுக்கென்று சேர்த்து வைத்த சீமெந்து, கம்பி, மரம் எல்லாம் போயிருந்தன. எஞ்சியது அவளுடைய வளவில் போட்ட அத்திவாரம் மட்டும். அதைக் கழற்றி விற்க முடியவில்லை.

வெளியூர் வாசகருக்கு இதன் பாரதூரம் விளங்காது. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டைப் பெண்ணின் தகப்பன் கட்டிக் கொடுக்க வேண்டும். இருந்த ஒரு வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஹாஜியார் வாடகைக்கு வந்திருந்தார். ஷிபானா பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். என்ன படிப்பித்தாலும் வீடு இல்லாமல் மாப்பிள்ளை பேச முடியாது. ஹாஜியார் அதற்கும் பதில் வைத்திருந்தார். வீடு கட்டி முடிந்துவிட்டது, இப்போது பையில் இருக்கிறது என்பார்.

பட்டப்பெயர் ஸகாத் என்ற ஏழைவரியால் வந்தது. கல் வாங்கிய கிழமையே அவர் பள்ளிவாசல் மௌலவியிடம் போய், இதற்கு ஸகாத் உண்டா என்று கேட்டார். விற்கிற நிய்யத்தில், அதாவது விற்கும் எண்ணத்தில், வைத்திருந்தால் அது வியாபாரப் பொருள், ஸகாத் உண்டு. சும்மா வைத்திருந்தால் இல்லை என்றார் மௌலவி. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஹாஜியார் பயந்துபோனார். விலையைக் கேட்டால் ஆசை வரும், ஆசை வந்தால் எண்ணம் மாறும், எண்ணம் மாறினால் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து கல்லின் விலைப் பேச்சை யாராவது எடுத்தால் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினார்.

"விலையக் கதைக்காதீங்க மனே, நிய்யத்து மாறிடும்" என்பார்.

தேநீர்க் கடை வாசலில் நிற்பவர்களுக்கு இது போதும். அவர் சைக்கிளில் போகும்போது வாய்க்கு வந்த தொகையை வீதிக்கு மறுபக்கத்திலிருந்து கத்துவார்கள். ஹாஜியார் கைப்பிடிகளை விட்டுவிட்டுக் காதைப் பொத்துவார். ஒருமுறை வாழைக்குலை வண்டிக்குள் போய் விழுந்தார்.

"விக்கவும் மாட்டாராம், மோதிரம் செஞ்சி போடவும் மாட்டாராம்" என்று அவருடைய மனைவி எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொன்னார். "மறுகா என்னத்துக்குகா அது? குஞ்சு பொரிக்கவா?"

அடுத்தது ஓட்டப் பயிற்சி. கடல் வரும் அவசரத்தில் பையிலிருந்து கல் விழுந்துவிடலாம் என்பதால், அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரை வீதியிலிருந்து மேற்கே ஓடிப் பார்த்தார். வழியில் ஒரு மீன் வியாபாரி ஸலாம் சொன்னார். வாயைத் திறந்தால் வீடு விழுந்துவிடும். ஹாஜியார் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினார். ஸலாத்துக்குப் பதில் சொல்லாத செய்தி அவருக்கு முன்பே சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் அவருக்கு வாதம் அடித்து வாய் கோணிவிட்டதென்று கேள்விப்பட்டு, தோடம்பழத்தோடு ஆட்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். நோன்பு மாதம் பிறந்ததும் மௌலவிக்கு அடுத்த கேள்வி போனது: கல்லை வாயில் வைத்தால் நோன்பு முறியுமா?

"வெச்சா முறியாது ஹாஜியார், முழுங்கினா முறியும்" என்ற மௌலவி, கொஞ்சம் யோசித்துவிட்டு, "முழுங்கிட்டா நோன்பப் பத்திக் கவலப்பட உங்களுக்கு நேரமிரிக்காது" என்றார்.

இந்த நிலையில் ஷிபானாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை, பெண்ணைப் பிடித்திருந்தது. அவருடைய உம்மா பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் வீடு பார்க்க வந்தார். ஹாஜியார் அவரை முற்றத்துக் கதிரையில் இருத்தி, அயலவன் என்ற முறையில் பத்திரிகைக்காரனான என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பஞ்சைப் பிரித்துக் கல்லைக் காட்டினார். அந்தப் பெண்மணி நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு எத்தின அறை?" என்று கேட்டார்.

ஹாஜியார் காதைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு அறையும் ஹோலும் மாமி" என்று உள்ளே இருந்து ஷிபானா சொன்னாள்.

தன் மூத்த சகோதரரான காக்காவும் ஒருமுறை பார்க்கட்டும் என்று சொல்லிப் போனவர், பொழுது பட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பின் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெழுகுதிரி ஏற்றினார்கள். ஹாஜியார் பஞ்சைப் பிரித்தார். உள்ளே இருந்தது சிவப்புக் கல்.

அந்தக் கல்லின் அருமையே அதுதான். பகல் வெளிச்சத்தில் பச்சை, திரி வெளிச்சத்தில் சிவப்பு. வியாபாரிகள் அலெக்சாண்ட்ரைட் என்பார்கள். அதற்காகத்தான் ஹாஜியார் வயலையே கொடுத்திருந்தார். வந்தவர்கள் வாய்பிளப்பார்கள் என்று சிரித்தபடி காத்திருந்தார்.

"பின்னேரம் காட்டின பச்சக் கல்லு எங்க?" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"இதுதான் அது."

"எனக்கு எழுத்துத்தான் தெரியாது ஹாஜியார். நிறம் தெரியும்."

ஹாஜியார் விளக்கினார். விளக்க விளக்க மோசமாயிற்று. விடிந்ததும் பச்சையாகிவிடும் என்றார். விடியுமுன் மாற்றி வைத்தாலும் பச்சையாகிவிடும் என்றார் அந்தக் காக்கா. அப்படியானால் இன்றைக்குக் கல் பொதுவான ஒருவரிடம் இருக்கட்டும் என்று ஹாஜியார் என்னைக் காட்டினார்.

"பத்திரிகைக்காரர்ர கையில குடுத்தா மூணாம் நிறமும் வரும்" என்றபடி மாப்பிள்ளையின் உம்மா எழும்பினார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, "பகலைக்கு ஒரு நிறம், ராவைக்கு ஒரு நிறம் காட்டுற இடத்தில என்ட மகன் எப்பிடிக் குடியிருப்பான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஊரில் ஹாஜியார் கல் மாற்றியவர் ஆகியிருந்தார். தேநீர்க் கடை வாசலில் நிற்பவர்கள்கூட அவரைக் கண்டு தொகை கத்தவில்லை. அவரை வீட்டுக்குள் முடக்கியது அந்த மௌனம்தான். நான் போனபோது சுவரைப் பார்த்தபடி இருந்தார். பாடசாலை விட்டு வந்த ஷிபானா, தோளில் கிடந்த பையை இறக்காமலே அவர் முன்னால் போய் நின்றாள்.

"கல்யாணம் போனாப் போகட்டும் வாப்பா. உங்களக் கள்ளன் எண்டு கதைக்கிறத என்னால கேட்டுட்டு இரிக்க ஏலாது. அவங்களுக்கு முன்னாலயே வித்துக் காட்டுங்க."

ஹாஜியார் எழுந்து நேரே பள்ளிவாசலுக்குப் போனார். இன்றிலிருந்து விற்கிற நிய்யத்து என்று மௌலவியிடம் அறிவித்தார். அது அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும், எனக்கு ஏன் சொல்கிறீர்கள் என்றார் மௌலவி.

"விக்க மாட்டன் எண்டத ஊருக்கெல்லாம் சொன்ன நான்தானே" என்றார் ஹாஜியார். "இதையும் சொல்லத்தானே வேணும்."

பேருவளையிலிருந்து ஒரு மாணிக்க வியாபாரி வந்தார். மாப்பிள்ளையின் உம்மாவும் காக்காவும் சொல்லி அனுப்பி வரவழைக்கப்பட்டார்கள். வியாபாரி கல்லை வெயிலில் பார்த்தார், பச்சை. கதவு யன்னல்களைச் சாத்தி, மெழுகுதிரி ஏற்றிப் பார்த்தார், சிவப்பு. மாப்பிள்ளையின் உம்மாவுக்கு வாய் திறந்தது. பிறகு வியாபாரி விலை சொன்னார்; திறந்த வாய் மூடவில்லை. ஹாஜியாரின் கைகள் பழக்கத்தில் காதுவரை போய், நினைவு வந்து இறங்கின. ஷிபானா மனக்கணக்குப் போட்டாள். இரண்டு அறை, ஹோல், குசினி, மேலே ஓடு. எல்லாம் சரியாக வந்தது.

அப்போது ஹாஜியார், "கொஞ்சம் பொறுங்க, இந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்றார்.

கல்லைத் திருப்பினார். வியாபாரியின் பூதக்கண்ணாடியை அவரிடமே நீட்டி, அடியில் ஓரமாக ஓடிய மயிரளவு வெடிப்பைக் காட்டினார். வியாபாரி அதுவரை அதைக் கண்டிருக்கவில்லை. கண்டதும் முகம் முழு வியாபாரியின் முகமாக மாறி, பேரம் பேசத் தயாரானது.

"ஹாஜியார், வாயப் பொத்துங்க" என்றார், அவரைக் கள்ளன் என்று சொன்ன அதே பெண்மணி. "எல்லாத்தையும் சொல்லணுமா? போறது என்ட மகன்ட அறை."

"கல்லுக்கு வாயில்ல தங்கச்சி" என்றார் ஹாஜியார். "நான் சொல்லாட்டி ஆரு சொல்லுற?"

வெடிப்புக்காகச் சரியாக ஓர் அறை போயிற்று. வியாபாரியின் வான் ஒழுங்கையைத் தாண்டுவதற்குள், நிக்காஹ்வுக்கு நாள் பார்க்கும்படி மாப்பிள்ளையின் உம்மா தன் காக்காவிடம் சொன்னார். ஓர் அறை குறைகிறதே என்று காக்கா நினைவூட்டினார்.

"அறைய மறுகாக் கட்டலாம் காக்கா. ஆனா இந்த மனிசன இனி எதுக்கும் விலை பேச விடாதீங்க."

வீடு அந்த அத்திவாரத்தின் மேல் எழும்பியது. இருக்கிற ஓர் அறை மகளுக்கும் மருமகனுக்கும். மனைவிக்கு ஹோல். ஹாஜியாருக்கு விறாந்தையில் ஒரு கட்டில். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு எந்தச் சுவரில் பூச்சு வெடித்திருக்கிறது என்பதை முதலில் காட்டிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுகிறார். விடுபட்ட அறை எந்த இடத்தில் வரவேண்டும் என்று ஷிபானா தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அங்கே இப்போது ஹாஜியாரின் செருப்பு கிடக்கிறது.

வாடைக் காற்றோடு மழை சாய்ந்து அடித்தால், அந்தக் கட்டிலில் சாரல் படும். போன மாரியில் ஒரு தார்ப்பாய்ப் படங்கு வாங்கிக் கொண்டுபோய், அவர் மதியம் லுஹர்த் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நானே கட்டிவிட்டு வந்தேன்.