வராத சீட்டுக்காரர்

ஒரு சனிக்கிழமை மாலை, சமையலறை மேசைமேல் கிடந்த வெங்காயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, லிஃப்ட்காரர் சபதம் செய்தார்.

“இனிமே அந்த ஸ்டேடியத்து வாசலை மிதிச்சேன்னா என்னைச் செருப்பாலயே அடி.”

“எந்தச் செருப்பால?” என்றாள் மனைவி.

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. மருந்துக்கடையில் பில் போடுகிறவள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, காலையா ராத்திரியா என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதையும் விவரமாகத் தெரிந்துகொண்டால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர். வாரம் ஐந்து நாள் ஊராரை மேலே ஏற்றிவிடுவார். உள்ளூரில் மேட்ச் இருக்கிற சனிக்கிழமையானால் ஃபுட்பால் பார்க்கப் போய், மனம் உடைந்து திரும்பி வருவார். அவருடைய கிளப்பின் லட்சணம் அப்படி. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு கோப்பை வாங்கியிருந்தது. அதுவும் எதிரணி வந்த பஸ் பாதி வழியில் நின்றுபோனதால் வந்த கோப்பை.

ஆனாலும் போனார். வடக்குப் பக்கம், பதினேழாவது வரிசை, நாற்பத்திரண்டாம் நம்பர் சீட்டு. அதன் இடது கால் ஆடியபோது தன் சொந்த ஸ்பேனரைக் கொண்டுபோய் முடுக்கியவர் அவர். பக்கத்துச் சீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். பத்தொன்பது வருடமாக இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டதில்லை. கோல் விழுந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அதனால் அடிக்கடி கட்டிப்பிடிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

“அப்படி என்னதான் நடந்துச்சு?”

“முதல்ல ஸ்டேடியத்தோட பேரை ஒரு மெத்தைக் கம்பெனிக்கு வித்தானுங்க. நான் ஏதாவது சொன்னேனா?”

“சொன்னீங்க. மூணு மாசம் சொன்னீங்க.”

“அப்புறம் சட்டை. வருஷத்துக்கு மூணு. ஒண்ணு உள்ளூர் மேட்ச்சுக்கு, ஒண்ணு வெளியூருக்கு. மூணாவது எதுக்குடான்னு கேட்டா, வாங்கறதுக்குங்கறான்.”

“மூணும் வாங்கினீங்களே.”

“அது வேற. கேப்டன் போன மேட்ச்சுல, சனிக்கிழமை, கோல் போட்டுட்டு, நெஞ்சுல இருக்கற நம்ம கிளப்பு முத்திரைக்கு முத்தம் குடுத்தான். செவ்வாய்க்கிழமை வேற கிளப்பு முத்திரைக்குக் குடுக்கறான். உதட்டு ஈரம் காயறதுக்குள்ள!”

“சரி, இன்னைக்கு என்ன?”

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிளப்பின் பழைய கோல்கீப்பர் காலமாகிவிட்டார். சொந்தக் காசில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடிய காலத்து மனிதர். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி. அத்தனை ஜனமும் எழுந்து நின்றது. ஈ பறந்தால் கேட்கும்.

“அப்ப அந்தப் பெரிய திரையில வருது. ‘இந்த மௌன அஞ்சலியை உங்களுக்கு வழங்குவோர்’னு மெத்தைக் கம்பெனி விளம்பரம். கீழ என்ன போட்டிருந்தான் தெரியுமா? ‘படுத்தால் எழ மனம் வராது!’”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. துக்கம் என்று லிஃப்ட்காரர் எடுத்துக்கொண்டார்.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. சட்டைப்பையிலிருந்து சீசன் கார்டை எடுத்தார். கிளப் முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை கார்டு கொடுத்து, ஒரு தடவை விலையேற்றிக்கொண்டிருந்தது. ஒரேயடியாக ஏற்றினால் ஏழைகள் தாங்கமாட்டார்கள் என்று இரக்கப்பட்டு, இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுகிறது. கத்தரிக்கோலை எடுத்துக் கார்டை இரண்டாக வெட்டினார்.

“அது இன்னையோட முடிஞ்ச கார்டுதானே?”

“முடிஞ்சுதா முடியலையாங்கறது முக்கியமில்ல. வெட்டினேன் பாரு, அதுதான் முக்கியம். இனிமே என் சனிக்கிழமை பூரா உனக்குத்தான்.”

மனைவியின் கைக்கரண்டி நின்றது. “பூராவா?”

“பூரா.”

“ஒரு மணிலேருந்து ஆறு மணி வரைக்குமா?”

“அதுக்கு அப்புறமும்தான்.”

அவளுக்குப் பேச்சே வரவில்லை. பத்தொன்பது வருடம் ‘அந்தப் பந்தையே கட்டிக்கிட்டிருக்கலாமே’ என்று சொன்னவள். ஆனந்தத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று லிஃப்ட்காரர் புரிந்துகொண்டார்.

முதல் சனிக்கிழமை வந்தது. சாப்பாடு முடிந்து மனைவி திரையை இழுத்துவிட்டு, ஒரு பொட்டலம் வறுத்த கடலையோடு சோபாவுக்கு வந்தாள். அங்கே லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார்.

“இங்கயா இருக்கப் போறீங்க?”

“வேற எங்க?”

அவரைப் போலச் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் கிடையாது. வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். உப்பும் சர்க்கரையும் ஒரே உயரம் என்பதால் ஒரே இடத்துக்குப் போயின. அவள் காய் நறுக்கும்போது பின்னால் நின்று, “வலது பக்கம் இடம் இருக்கு பாரு, அங்க போ, அங்க போ” என்று யோசனை சொன்னார். ஐந்து தடவை டீ கேட்டார். அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் போவதே தெரியவில்லை போலிருக்கிறது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை அவளே ஒரு திட்டம் சொன்னாள்.

“நீங்கதான் இப்ப சும்மா இருக்கீங்களே. வாராவாரம் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரலாங்க.”

அக்கா வீடு என்றால் சகலை. சகலை வீடு கட்டிக்கொண்டிருந்தார். குளியலறைச் சுவரில் பதிக்கப்போகும் டைல்ஸை அறுபத்துநாலு போட்டோ எடுத்து வைத்திருந்தார். அறுபத்துநாலும் வெள்ளை.

“இது வெறும் வெள்ளை இல்ல சகலை. இது பால் வெள்ளை. அடுத்தது முத்து வெள்ளை. நல்லாப் பாருங்க, அவசரப்படாதீங்க.”

லிஃப்ட்காரர் அவசரப்படாமல் நாலரை மணி நேரம் பார்த்தார். கிளப் ஐந்து கோல் வாங்கித் தோற்கிற நாளில்கூட ஒன்றரை மணி நேரத்தில் விட்டுவிடுவார்களே என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவது சனிக்கிழமை டைல்ஸ் கடைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

“அடுத்த வாரம் தரைக்குப் பாக்கணுமாம்” என்றாள் மனைவி, திரும்பி வரும்போது. “நீங்க வந்தாத்தான் முடிவு பண்ணுவேன்னு அத்தான் சொல்லிட்டாரு.”

நாலாவது சனிக்கிழமை காலையில் லிஃப்ட்காரருக்குப் பல்வலி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

“எந்தப் பக்கங்க?”

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. வலது கை கன்னத்தில் இருந்ததால் வலது பக்கம் என்றார்.

“நான் கூட வரட்டுமா?”

“வேணாம் வேணாம். நீ அக்கா வீட்டுக்குப் போ. டாக்டர்கிட்ட கூட்டமா இருக்கும். ஆறு மணி ஆயிடும்.”

“மெதுவாவே வாங்க” என்றாள் அவள். என்ன நல்ல மனசு என்று லிஃப்ட்காரருக்குக் குற்ற உணர்ச்சிகூட வந்தது. தெருமுனை திரும்பும் வரை இருந்தது.

ஸ்டேடியத்தில் ஒற்றை டிக்கெட் மூன்று மடங்கு விலை. அதற்கு மேல் வசதிக் கட்டணம்.

“எந்த வசதிக்குப்பா?”

“டிக்கெட் வாங்கற வசதிக்கு சார்” என்றான் கவுன்ட்டரில் இருந்தவன்.

கிடைத்த சீட்டுக்கு முன்னால் ஒரு தூண். கிளப் ஒரு கோல் போட்டது. தூணின் இடது பக்கத்தில் பந்தோடு போன ஆட்டக்காரன் வலது பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நடுவில் நடந்ததுதான் கோல் என்று ஊகித்து லிஃப்ட்காரரும் கைதட்டினார். கட்டிப்பிடிக்க ஆள் தேடிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் போனில் தன் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் கண் போனது. பதினேழாவது வரிசை. தபால்காரர் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு காலி. தபால்காரர் இரண்டு கையையும் பாதி விரித்து, பிறகு தானே மடக்கிக்கொண்டார்.

இடைவேளையில் நைசாக அங்கே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் காவல்காரன் வந்துவிட்டான்.

“எழுந்திருங்க சார். இது வித்த சீட்டு.”

“யாருக்கு?”

“பேரெல்லாம் சொல்லக்கூடாது. ஆறு மாசத்துக்கு முழுப் பணம் கட்டியிருக்காங்க.”

“அப்ப ஆளு எங்க?”

“எவனோ பணம் கொழுத்தவன்யா” என்றார் தபால்காரர். “சீட்டை வாங்கிப் போட்டுட்டு ஒரு மேட்ச்சுக்கும் வரலை. நானும் பேச்சுத்துணைக்கு ஆளில்லாம உக்காந்திருக்கேன்.”

லிஃப்ட்காரருக்கு ரத்தம் கொதித்தது. விளம்பரம், சட்டை, கேப்டன் எல்லாவற்றின் மேலும் இருந்த கோபம் மொத்தமாகத் திரண்டு அந்த முகம் தெரியாத மனிதன் மேல் திரும்பியது.

“இவனை மாதிரி ஆளுங்களாலதான் ஃபுட்பாலே நாசமாப் போச்சு. ஆட்டம்னா என்னன்னு தெரியுமா இவனுக்கு? திமிர்! வைக்கோல் போர்ல நாய் படுத்த கதை. தானும் பாக்க மாட்டான், பாக்கறவனையும் விடமாட்டான். அவன் போற லிஃப்ட் நடு வழியில நிக்கணும்!”

லிஃப்ட் வேலை பார்க்கிற ஒருவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சாபம் வராது. தபால்காரர் நெகிழ்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காவல்காரன் இன்னொரு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஒரு கிண்ணத்தில் சூப் தயாராக இருந்தது. தெளிந்த சூப். அடியில் கிண்ணம் தெரிந்தது.

“புடுங்கிட்டாரா?”

“ம்… புடுங்கிட்டாரு.”

“அப்ப நாலு நாளைக்குக் கெட்டியா எதுவும் கூடாது. கடைக்கு வர்றவங்களுக்கு நானே சொல்லியிருக்கேன். உப்புத்தண்ணியில வாய் கொப்பளிங்க.” சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து வறுத்த கடலையை ஒவ்வொன்றாகக் கடித்தாள். நாலு நாளும் கடித்தாள்.

அடுத்த உள்ளூர் மேட்ச்சுக்கு இடது கீழ்ப்பல். அதற்கடுத்ததற்கு வலது மேல்கடைவாய். எந்தப் பல் எப்போது போனது என்று வேலைப் பையில் இருந்த நோட்டில் குறித்து வைத்துக்கொண்டார். இடைப்பட்ட சனிக்கிழமைகளில் சகலையோடு தரை டைல்ஸ் பார்த்தார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. நாற்பத்திரண்டாம் சீட்டுக்காரனும் வரவில்லை. தூணின் பின்னாலிருந்து அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதையே ஒரு தடவை கவனிக்க மறந்துவிட்டார்.

மூன்றாவது பல் போன அன்று மாலை. சூப்பை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ரொம்ப வலிக்குதாங்க?”

“வலிக்காதா பின்ன? மூணு மேட்ச்சா அந்த சீட்டு காலியாக் கெடக்குது! உக்காரப் போனா என்னையே புடிச்சுத் தள்றான்!”

நுணலும் தன் வாயால் கெடும்.

“எந்த சீட்டு?” என்றாள் மனைவி.

“அதான்… டாக்டர் வீட்டுல… பல் புடுங்கற நாற்காலி.”

“வாயத் தொறங்க.”

“எதுக்கு?”

“தொறங்க.”

டார்ச் அடித்து எண்ணினாள். மாத்திரை எண்ணிப் பழகிய கண். ஒன்று கூடக் குறையக் கணக்கு வராது. “முப்பது இருந்துச்சு. முப்பதும் இருக்கு” என்று டார்ச்சை அணைத்தாள்.

லிஃப்ட்காரர் சரணாகதி அடைந்தார். தூண், வசதிக் கட்டணம், காவல்காரன் எல்லாவற்றையும் கொட்டினார். அந்தப் பணக்காரனை மறுபடி ஒரு சுற்றுத் திட்டினார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

“எனக்குக் கிளப்பு வேணாம். மெத்தைக்காரனும் கேப்டனும் எக்கேடோ கெட்டுப் போகட்டும். அந்த ஒரு சீட்டுதான் வேணும். அந்தத் தபால்காரர் பக்கத்துல உக்காந்து கிளப்பைத் திட்டணும். வேற எங்க போய்த் திட்டறது? வெளியில நின்னு திட்டினா எனக்கு மனசே ஒப்ப மாட்டேங்குது.”

கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் சும்மாவா?

மனைவி, “ஞாயித்துக்கிழமை சமையல் இனிமே யாரு?” என்றாள்.

“நான்.”

“டப்பாவெல்லாம்?”

“தொடவே மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. ஆனா என்ன பண்ணி என்ன? சீட்டுதான் போயிடுச்சே.”

அவள் எழுந்து போய்த் தன் கைப்பையைத் திறந்து, ஒரு கார்டை எடுத்து வந்து சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வடக்குப் பக்கம். வரிசை பதினேழு. சீட்டு நாற்பத்திரண்டு. மேலே லிஃப்ட்காரரின் பெயர் அச்சாகியிருந்தது. வாங்கிய தேதி, அவர் சபதம் செய்த சனிக்கு அடுத்த திங்கள்.

லிஃப்ட்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பணம் கொழுத்த, திமிர் புடிச்ச…”

“நீங்கதான்.”

மறுநாளிலிருந்து லிஃப்டில் போகலாமா கூடாதா என்று ஒரு கணம் கவலைப்பட்டார். பிறகு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்காகவா இவ்வளவு பணம் கட்டின?”

“உங்களுக்காகவா?” அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “ஏங்க, பத்தொம்பது வருஷமா அந்த அஞ்சு மணி நேரம்தான் இந்த வீட்டுல சத்தமே இருக்காது. கால நீட்டி உக்காந்து கடலை திம்பேன். யாரும் எதையும் எங்க வெச்சேன்னு கேக்க மாட்டாங்க. அதை நீங்க பாட்டுக்குக் கத்தரிக்கோலால வெட்டிட்டீங்க!”

“அப்பவே கார்டைக் குடுத்திருக்கலாமே?”

“அப்பக் குடுத்தா அதையும் வெட்டியிருப்பீங்க.”

லிஃப்ட்காரர் கார்டைச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டார். “இருந்தாலும் நம்மகிட்டயே இப்படிக் கொள்ளையடிக்கறானுங்களே. அவனுங்களுக்குப் பேராசை.”

“எங்கங்க பேராசை?” என்றாள் மனைவி, கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி. “இங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு மேட்ச்சுதான் வெக்கறாங்க. இன்னும் ரெண்டு கோப்பைப் போட்டியைச் சேத்து வாராவாரம் மேட்ச் வெச்சு, காசு வாங்கிக்கச் சொல்லுங்க, நான் கட்டறேன்.”