லேத்து வாங்கிய அத்தானின் விண்ணப்பம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், கூடம் மட்டும் நலமில்லை. அங்கே உன் பட்டறையும் முதுகுவலியும் எப்படி?

இருபது வருடமாக இரும்பு கடையும் லேத்தின் முன்னால் நிற்கிற நீ அன்றைக்கே சொன்னாய்: "அத்தான், முதல்ல தனி லேத்து வாங்குங்க. மில்லிங் மிஷின் அப்புறம் பாத்துக்கலாம். ரெண்டும் சேர்ந்தது மட்டும் வேண்டாம்." நான் கேட்டேனா? ஆயுள் முழுக்க அலுவலகத்தில் கோப்பு பார்த்த மண்டை இது. எட்டு மாதமாக நோட்டில் கட்டம் போட்டு, பதினொரு மிஷின்களின் நீளம், எடை, வேகம் எல்லாம் ஒப்பிட்டு, கடைசியில் நீ வேண்டாமென்றதையே வாங்கினேன். அதன் பச்சை நிறம் கூடத்துத் திரைச்சீலைக்குப் பொருந்தியது.

வாங்குவதற்குச் சாக்கு கிடைத்தது போன வாரம். உன் அக்காவின் தையல் மிஷினில் நூலை இறுக்கும் குட்டித் திருகு உடைந்தது. பழைய மாடல், கடைகளில் இல்லை. திங்கட்கிழமை நாற்பது பள்ளிச் சீருடை கொடுக்க வேண்டும். நானே கடைந்து தருகிறேன் என்று வாயை விட்டேன். வந்த பெட்டி வாசலில் நுழையவில்லை, பதினொரு மிஷினை அளந்தவன் கதவை அளக்கவில்லை, கதவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓட்டினால் மேஜை நகர்ந்துபோய்ச் சுவரில் முட்டியது, தையல் மேஜைதான் கனம் என்று தையல் மிஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அங்கே ஏற்றினேன், பித்தளைத் தூள் பறந்து தைத்த சட்டைகளிலெல்லாம் அப்பிக்கொண்டது, திருகுக்கான பித்தளைக் கம்பியின் முனையைச் சீவினால் நட்டநடுவில் ஒரு மொட்டு நிற்கிறது, சீவச் சீவக் கம்பிதான் குட்டையாகிறதே தவிர மொட்டு போகிற வழியாயில்லை. ஒன்பது திருகு தொடங்கிவிட்டேன். முடித்தது ஒன்றுமில்லை.

உன் அக்கா சத்தம் போட்டிருந்தால் தேவலை. காலையில் சட்டைகளிலிருந்து தூளைப் பொறுக்கிக்கொண்டே, "திங்கக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே ஞாயிறன்று வண்டியோடு வந்து இந்தச் சனியனை எடுத்துப்போ. உடைந்த திருகை இத்துடன் வைத்திருக்கிறேன். அதேபோல் ஒன்று கடைந்து, யாருக்கும் தெரியாமல் என் கையில் கொடு. நான் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் பிள்ளைகள் எதை வாங்கினாலும் உன்னைக் கேட்டு வாங்கும் புத்தியோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்

பின்குறிப்பு: திருகை இத்துடன் வைக்கவில்லை. மாதிரிக்கு வேண்டுமென்று உன் அக்கா எடுத்துக்கொண்டாள். மத்தியானம் வந்து மிஷினைக் குனிந்து பார்த்தவள், வெட்டும் டூலைக் காட்டி, "ஊசி நடுவுக்குக் கீழ நிக்குதே, அப்புறம் மொட்டு எப்படிப் போகும்?" என்று சொல்லி, என் பழைய சவரப் பிளேடு இரண்டை அதற்கு அடியில் சொருகினாள். மொட்டு போய்விட்டது. சாயங்காலம் திருகு முடிந்து தையல் மிஷின் ஓடுகிறது. நான் பித்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டி வேண்டாம். இதன் மேலே சுழன்று வெட்டும் மில்லிங் தலை ஆடுகிறதாம், தனி மில்லிங் மிஷின் எது நல்லதென்று உன்னைக் கேட்கச் சொன்னாள். என் நோட்டைத் தரட்டுமா என்றேன். அது வேண்டாமாம், வாசலை அளந்து எழுதினால் போதுமாம். அளந்துவிட்டேன், முப்பத்திரண்டு அங்குலம்.