அம்பிகா பேசாத கம்ப்யூட்டர்

அரும்பாவூர்,
புரட்டாசி 24.

அன்புள்ள மைத்துனன் கலைவாணனுக்கு, உன் அக்காள் புருஷன் செல்லமுத்து எழுதிக்கொள்வது. அம்பிகா இல்லாத இந்த வீட்டில் நானும் பசுமாடும் நலம். உன் மனைவி சுகன்யா, பிள்ளைகள் நலமறிய ஆவல். நலமில்லாமல் கிடப்பது நீ பூட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஃபோனில் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா" என்று வைத்துவிடுகிறாய். ஆகையால் கடிதம்.

எறையூர் ஆலையில முப்பது வருஷம் கரும்பு எடை போட்டவன் நான். ஆயுத பூஜைக்குத் தராசை எப்படிக் கவனிப்பேனோ அப்படியே உன் பொட்டியையும் கவனிச்சேன். ஒயரையெல்லாம் உருவி, துடைச்சு, முன்னாடி பின்னாடி ஒரு எடம் விடாம சந்தனப் பொட்டு வச்சு, பொரிகடலை படைச்சேன். மறுநாள் மாட்டுனா படம் வருது, சத்தம் வரல. சத்தத்த ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் போயிருக்கும்னு நானே நெட்டுல எறக்க ஆரம்பிச்சேன். நீ பூட்டுனதோ கூட்டாஞ்சோறு. போர்டு பன்னெண்டு வருஷப் பழசு, படத்துக்குப் போட்ட கார்டு போன வருஷத்துது, விண்டோஸ் அதுக்கும் புதுசு. போர்டுக்குன்னு ஒரு டிரைவரப் போட்டா எழுத்தெல்லாம் பரங்கிக்காய் அளவு ஆயிடுச்சு. அதச் சரி பண்ண இன்னொண்ணு போட்டா நெட்டு போயிடுச்சு. நெட்டு வரணும்னா டிரைவர எறக்கணுமாம், டிரைவர எறக்க நெட்டு வேணுமாம், எவன்டா இதக் கண்டுபிடிச்சான்? கோளாறுன்னு காட்டுற மஞ்சள் முக்கோணம் திரையில மூணு இருந்தது ஏழாச்சு. பெரம்பலூர்ல கடை வச்சிருக்கிற வேல்முருகன்கிட்ட போய்ச் சொன்னேன். பொட்டியப் பாக்காமலே, பழசும் புதுசும் ஒத்துப்போகல சார், மொத்தத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் போடணும்னுட்டார்.

எப்படிய்யா அழிக்கிறது? அதுலதான உங்கக்கா இருக்கா. மக சிவரஞ்சனிக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கிற வெதத்த மைக்குல பதினோரு நிமிஷம் பேசி வச்சிருக்கா. தீபாவளிக்கு மக வந்து எடுத்துட்டுப் போறதா இருந்துச்சு, அதுக்குள்ள இவ போயிட்டா. ஒரு வருஷமா எனக்கு அதக் கேக்கத் தைரியம் வரல. அவ போன அன்னைக்குக் காலையில கூட, குழம்புல உப்பே இல்லன்னு தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சவன் நான். முப்பத்தொரு வருஷமும் இதே சண்டைதான், ஒரு நாளும் அவ பதில் சொன்னதில்ல. அடுத்த மாசம் தலைத்திவசம், மக வரா. அன்னைக்காவது கேட்டுரலாம்னு இருந்தேன். அழிக்காம சரி பண்ண முடிஞ்சா வா. முடியலன்னா இந்தப் பொட்டிய நீயே தூக்கிட்டுப் போயிடு, என் கண்ணு முன்னாடி ஊமையா நிக்க வேண்டாம்.

சுகன்யாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாய் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
செ. செல்லமுத்து

பி.கு.: கடுதாசிய ஒட்டுறதுக்கு முன்னாடி, எப்படியும் நீ தூக்கிட்டுப் போகப் போறன்னு ஒயரக் கழட்டுனேன். ஸ்பீக்கர் ஒயர் பாதிதான் உள்ள போயிருந்துச்சு. அதச் சொருகுற பச்சை ஓட்டைக்குள்ள சந்தனம் காஞ்சு கெட்டியா நிக்குது. நான் வச்ச பொட்டுதான். ஊக்கால நோண்டிட்டுச் சொருகுனேன். ஏழு முக்கோணமும் அப்படியேதான் இருக்கு, ஆனா அம்பிகா பேசுனா. ஒம்பதாவது நிமிஷத்துல மககிட்ட சொல்றா: "உப்பு பாதி போட்டாப் போதும் பாப்பா. உங்கப்பாவுக்கு பிரஷர் இருக்கு. திட்டுனா திட்டிட்டுப் போறாரு, நீ வாயத் தொறக்காத." நாலு தடவ கேட்டேன், அழுதேன். மேல எழுதுனத எல்லாம் விட்டுரு, வேல்முருகன்கிட்டயும் சொல்லாத. பொட்டி இங்கயே இருக்கட்டும். திவசத்துக்கு வந்துட்டு மறுநாளும் இரு. கருவாட்டுக் குழம்பு நான் வைக்கிறேன். உப்பு கம்மியாத்தான் இருக்கும், வாயத் தொறக்காம சாப்புடு.