ஒன்பதாம் விதியும் ஆண்டிச்சாமியும்

திருச்சுழி,
19.8.1991

மகமைச் சங்கச் செயலாளரும் என் சின்ன மாமாவுமாகிய தவமணி அவர்களுக்கு, தங்கள் அண்ணன் பொன்னுச்சாமி அவர்களின் மருமகள் தங்கச்செல்வி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம். அங்கே தாங்களும் சின்ன அத்தையும் நலம்தானே? நலம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும். சித்திரையில் பக்கவாதம் வந்து விழுந்த மாமாவின் வலது கையும் வலது காலும் விழுந்தபடியேதான் கிடக்கின்றன. "பேச்சுக்குச் சேதமில்லை, அதிர்ஷ்டம்" என்றார் மதுரை டாக்டர். யாருடைய அதிர்ஷ்டம் என்று அவர் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமாவைத் தூக்கி உட்கார வைக்க, புரட்ட, குளிப்பாட்ட, காலை மடக்கி நீட்ட என்று ஆண்டிச்சாமியண்ணன் பகல் முழுக்க நம் வீட்டில் இருக்கிறார். மதுரை ஆஸ்பத்திரி கடைச் சரக்கில் பாதியைத் தின்றுவிட்டதால் அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது. அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒன்றாம் தேதி போய்விடுவார். தங்கள் அண்ணன் மகன் காலை ஆறு மணிக்குக் கடைக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பதாகிறது. போன மாதம் ஆண்டிச்சாமியண்ணன் ஊர்ப் பொங்கலுக்குப் போன அன்று நானே மாமாவைத் தூக்கினேன். இருவரும் விழுந்தோம். கீழே மாமா, மாமா மேல் நான், என் மேல் தண்ணீர்ச் செம்பு. பாயில் உட்கார்ந்திருந்த என் ஏழு மாத மகள் பிரவீணா கை தட்டினாள். மாமாவின் தலை கட்டில் காலுக்கு நாலு விரல் தள்ளி விழுந்தது, சின்ன மாமா. அந்த நாலு விரல்தான் என்னைத் தூங்க விடாமல் இப்போது எழுத வைக்கிறது.

மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எல்லாரும் போட்டுச் சேர்த்ததுதானே மகமை நிதி, நம் கடையும் முப்பது வருஷம் போட்டதுதானே என்று, ஆள் சம்பளத்துக்கு உதவி கேட்டு மாமா பேரில் மனு அனுப்பினேன். "விதி 9: உதவி கேட்பவர் நேரில் வந்து சபை முன் நின்று கேட்க வேண்டும்" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டீர்கள். நிற்க முடியாதவருக்காகக் கேட்டால் அவரே வந்து நிற்க வேண்டுமாம்! "எந்த அறிவாளி இந்த விதிய எழுதுனது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "நான்தான்" என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது. மாமா செயலாளராக இருந்த காலத்தில் ஒருத்தர், செத்துப்போன தகப்பனார் பேரைச் சொல்லி மூன்று வருஷம் வைத்தியச் செலவு வாங்கினாராம். அதற்காகப் போட்ட விதியாம். "நீங்க உயிரோடதான மாமா இருக்கீக?" என்றேன். "அது சபைக்கு எப்படித் தாயி தெரியும்?" என்றார்.

அதோடு விட்டாரா? "ஒரு பேப்பர் எடு. உன் மனுவ நான் ஆட்சேபிக்கணும். மகமை குடுத்த வீடு மகமை வாங்குறதாவது!" என்றார். அவருக்குக் கை வராது, நான்தான் எழுத வேண்டும். என் மனுவை எதிர்த்து நானே எழுதினேன். 'கடுமையாக ஆட்சேபிக்கிறேன்' என்று எழுதியதை 'வன்மையாக' என்று மாற்றச் சொன்னார், மாற்றினேன். இடது பெருவிரலில் மையைத் தடவி உருட்டினேன். கொண்டுபோய்க் கொடுக்க வேறு ஆள் ஏது? ஆண்டிச்சாமியண்ணனைத்தான் அனுப்பினோம். "என்ன தாயி எழுதிருக்கு?" என்று கேட்டார். "உங்களுக்குச் சம்பளம் குடுக்கக் கூடாதுன்னு எழுதிருக்குண்ணே" என்றேன். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, பஸ்ஸுக்குக் காசு குடுங்க. எந்தத் தெருவு?" என்றார்.

தாங்கள் அதையும் திருப்பிவிட்டீர்கள். ஆட்சேபம் செய்பவரும் நேரில் நின்றே செய்ய வேண்டும், விதி 10. "என் பேப்பரையே திருப்புறானா தவமணி? நான் தூக்கிவிட்ட பய!" என்று மாமா அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை. அதுவும் அவரே எழுதிய விதிதான் என்று நான் ஞாபகப்படுத்தியதும் சாயங்காலக் காப்பியும் நின்றது.

சின்ன மாமா, நான் பி.எஸ்ஸி. வரை படித்தவள். தங்கள் விதிப் புத்தகத்தின் இருபத்தெட்டு விதிகளையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் இரண்டு தரம் படித்துவிட்டேன். பெண்கள் சபைக்கு வரக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. இதுவரை யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான். உதவி மாமாவுக்கு வேண்டாமென்றால் வேண்டாம். எனக்கு வேண்டும். அவரைத் தூக்க முடியாமல் ஒடிவது என் இடுப்பு. ஆகவே சபை கூடுகிற வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரவீணாவையும் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். சபை முன் நின்று கேட்பேன். பிள்ளை அழுதால் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சரி என்று சபை சொல்லாமல் திருச்சுழி பஸ் ஏற மாட்டேன். பெரியவர்கள் முன்னால் பெண்பிள்ளை பேசலாமா என்று யாராவது கேட்டால், அவர்களை ஒரே ஒரு நாள் மாமாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து கேட்கச் சொல்லுங்கள்.

சின்ன அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசீர்வாதத்தையும் விதி 9-இன்படி நேரில் நின்றே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருமகள்
தங்கச்செல்வி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது மாமா விழித்துக்கொண்டு, "யாருக்கு லெட்டரு? படி" என்றார். ஒரு வரி விடாமல் படித்தேன். "நீ போயி கேப்ப. அங்க எதுத்துப் பேச ஆளு வேணாமா? நானும் வாரேன்" என்றார். "எப்படி மாமா வருவீக?" "லோடு வண்டி போகும்ல. ஆண்டிச்சாமி எதுக்கு இருக்கான்? தூக்கி வைக்கட்டும்." "அங்க நிக்கணுமே மாமா." "நிக்கிறேன்." நாலு மாதமாக டாக்டர் கெஞ்சியும் காலைத் தரையில் ஊன்றாதவர், இப்போதே நின்று பார்க்க வேண்டுமென்று மகனையும் எழுப்பச் சொன்னார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, பத்து எண்ணும்வரை நின்றார். நின்றபடியே சுவரைப் பார்த்து "வன்மையாக ஆட்சேபிக்கிறேன்" என்றார். அப்புறம் மூன்று பேருமாகக் கட்டிலில் விழுந்தோம். இந்தத் தடவை யாருக்கும் அடியில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் ஓரமாக வையுங்கள். என் மனுவுக்கு அவசரமில்லை, முதலில் மாமாவின் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய் யாரும் நாற்காலி போட்டுவிட வேண்டாம். அவர் நின்றே பேசட்டும். எந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டாமென்று பேசுகிறாரோ, அந்த ஆள் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பார். சபையார் எல்லாரும் அதை நன்றாகப் பார்த்துவிட்டு முடிவை எழுதுங்கள்.