மூணு சாட்சி அக்காவும் எண்ணூர் லைனும்

ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரைக்கும் உள்ள ஸ்டேஷன் மாஸ்டர்கள் தைரியசாலிகள். புயலுக்குப் பயந்ததில்லை, மேலதிகாரியின் திடீர் சோதனைக்குப் பயந்ததில்லை, தண்டவாளத்தில் எருமை படுத்துக்கொண்டாலும் பதறாதவர்கள். ஆனால் காலை வண்டியிலிருந்து மீன்கூடையோடு ஒருத்தி இறங்குவதைப் பார்த்துவிட்டால் போதும், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். டிக்கெட் கவுன்டரில் 'உணவு இடைவேளை' பலகை தொங்கும். காலை எட்டு மணிக்கு!

அந்த ஒருத்திக்கு ஆதார் அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. லைனில் யாருக்கும் அது தெரியாது. 'மூணு சாட்சி அக்கா' என்றால் கார்டு முதல் வேர்க்கடலைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, ராயபுரத்தில் வண்டியேறி, ஒரு நாள் திருவொற்றியூர், ஒரு நாள் எண்ணூர், ஒரு நாள் அத்திப்பட்டு என்று இறங்கித் தெருவில் விற்பது அவள் தொழில். விற்று முடித்த கையோடு அந்த ஊர் ஸ்டேஷனின் சரித்திரத்தை எழுதுவது அவள் வேலை. தொழில் வேறு, வேலை வேறு என்பதில் அக்கா மிகத் தெளிவாக இருந்தாள்.

நான் அப்போது எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். தினமும் அதே வண்டி. முதன்முதலாக அவள் என்னிடம் பேசியது திருவொற்றியூர் பிளாட்பாரத்தில்.

"தள்ளி நில்லு நைனா. கொயா மேல நிக்கற."

கீழே பார்த்தேன். குழாய் எதுவும் இல்லை, சிமென்ட் தரைதான் இருந்தது.

"இப்ப இல்ல. முன்னாடி இருந்துச்சு. ஜனங்க தண்ணி குட்ச்ச எடம். செருப்பு காலோட நிக்காத."

அரை அடி தள்ளி நின்றேன். பிறகு பத்து வருடம் அந்த லைனில் போய் வந்தேன். ஒருநாளும் அந்த இடத்தை மிதிக்கவில்லை.

இந்த வேலையை அவள் எப்படி ஆரம்பித்தாள் என்பதை அவளே சொல்லியிருக்கிறாள். ராயபுரம் ஸ்டேஷன் தென்னிந்தியாவிலேயே பழசு அல்லவா, அதைப் படம் எடுக்க கேமராவும் கையுமாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது. தூணடியில் கூடையை வைத்துக்கொண்டு வண்டிக்கு உட்கார்ந்திருந்த அக்காவிடம், "கொஞ்சம் நகருங்கம்மா, ஸ்டேஷன் மட்டும் தெரியணும்" என்றார்களாம்.

"நா நவுந்துட்டா அது இன்னா டேசன்னு கேட்டேன். ஏறி எறங்க ஆள் இல்லாங்காட்டி அது பங்களா. டேசன்னா நாங்கதான்யா. எட்றதுன்னா கூடையோட எடு, இல்லாங்காட்டி கெளம்பு."

கெளம்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அக்கா நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கினாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து ஒவ்வொன்றும் வஞ்சிர மீன் துண்டு மாதிரி தடிதடியாக இருக்கும். நோட்டின் வாசனையும் அதுவே.

அக்காவின் சரித்திரத்தில் கவர்னர் கிடையாது, கல்வெட்டு கிடையாது. இந்தக் கல்பெஞ்சு எப்போது வந்தது, அதற்கு முன்னால் கர்ப்பிணிகள் எங்கே உட்கார்ந்தார்கள், படி இல்லாத காலத்தில் கூடையை யார் கைகொடுத்து இறக்கினார்கள், எந்த ஊர் மாப்பிள்ளை வண்டியைத் தவறவிட்டுக் கல்யாணம் தள்ளிப்போனது. எல்லாவற்றுக்கும் மூன்று சாட்சி வேண்டும். இரண்டு பேர் சொன்னால் நம்பமாட்டாள். "ரெண்டு பேரு தோஸ்துங்களா இருந்தா? சேந்து டபாய்ப்பானுங்க. மூணாவது ஆளுக்கு அவனுங்கள புடிக்கக் கூடாது."

விம்கோ நகர் ஸ்டேஷன் வாசலில் முன்பு நின்ற மரம் வேம்பா, பூவரசா என்று இரண்டு ரிட்டயர்டு ஃபிட்டர்களுக்குள் தகராறு. முப்பது வருடம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள், மரத்தில் முறைத்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகவில்லை. அக்கா மூன்றாவது சாட்சியைத் தேடி நான்கு மாதம் அலைந்தாள். கடைசியில் கிடைத்த சைக்கிள் கடைக்காரர், "மரமா? அங்கே விளக்குக் கம்பந்தானே இருந்தது?" என்றார். அக்கா நோட்டில் எழுதினாள்: 'நெயலு இருந்துச்சு. மரத்தோட பேரு தகராறுல கீது.'

ஒரு தடவை நானும் சாட்சி சொல்ல ஆசைப்பட்டேன். கத்திவாக்கத்தில் பழைய பெஞ்சு பச்சை நிறம் என்றேன்.

"பாத்தியா, கேட்டியா?"

"எங்க மாமா சொல்லுவாரு..."

"அப்ப மாமாவ இட்டா. உனுக்கு இன்னா வேல இங்க?"

இப்படியே போயிருந்தால் அக்கா வெறும் வேடிக்கை மனுஷியாகவே எங்கள் நினைவில் இருந்திருப்பாள். வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம், அங்கே ஒரு நாள் ஜேசிபி வந்து நின்றது.

அந்தப் பிளாட்பாரத்தின் கோடியில் இரும்புக் கம்பி நட்டு, மேலே ஷீட் போட்ட ஒரு கொட்டகை உண்டு. மீன்காரப் பெண்களும், சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம். ஸ்டேஷனை அழகுபடுத்துகிறோம், அதை எடுக்க வேண்டும் என்று ஃபைலோடு ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"இந்த ஷெட்டே எங்க ரெக்கார்டுல இல்லம்மா. இல்லாத ஒண்ணுக்கு ஏன் சண்டை போடறீங்க?"

"இல்லாத செட்ட இடிக்க இன்னாத்துக்கு சாரு ஜேசிபி இட்டாந்தே?"

டிரைவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. அக்கா கூடையைக் கொட்டகைக்கு நடுவே வைத்து, அதன் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அதே வண்டியில் வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தோம். கம்பெனியில் அன்று எனக்குத் தாமதம் என்று குறிக்கப்போகிறார்கள் என்பதும் தெரியும். கால் நகரவில்லை.

"உன் ஃபைலுல ஏன் இல்லன்னு நா சொல்லட்டா? இத நீங்க போடல. ஜனங்க போட்டது. ஒரு சித்திரை வெயில்ல இதே எட்த்துல ஒரு பொம்பள மயங்கி வுய்ந்து செத்தா. மறு வாரமே ஷீட்ட தல மேல தூக்கியாந்து போட்டாங்க. நோட்டுல கீது, படி."

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். மூக்கைச் சுளித்தாலும் நான்கு பக்கம் படித்தார். "இதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. நேர்ல பார்த்தவங்க யாராவது எழுதிக் கொடுத்தா பரிசீலிக்கலாம்" என்றார்.

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எத்தினி பேரு வேணும்?"

"ரெண்டு, மூணு பேர் போதும்."

"நாளிக்கு காலைல வா சாரு. நாஸ்தா துன்னுட்டு வா. லேட்டாவும்."

மறுநாள் நான் லீவு போட்டேன். காலை வண்டி வந்து நின்றது. கூடைக்காரர்கள் ஏறும் பெட்டி முழுக்க இறங்கியது. அடுத்த பெட்டியில் பாதி இறங்கியது. என்ன விபத்தோ என்று கார்டு எட்டிப் பார்த்தார். மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அக்கா வரிசை போட வைத்தாள். "தள்ளாத! பாத்தவங்க மட்டும் நில்லு. கேட்டவங்க அப்பால போ."

ஷீட் தூக்கியவர் வந்தார். தோளில் அது கிழித்த தழும்பைச் சட்டையை விலக்கிக் காட்டினார். கம்பியை வெல்டிங் வைத்தவர் வந்தார். அடுத்து வந்த அம்மாள், "புயல் அன்னிக்கு இந்த ஷெட்டுக்குள்ள, இந்தக் கல்லு மேலதான் எம் பொண்ணு பொறந்துச்சு" என்றாள்.

"அதுக்கு சாட்சி?" என்றார் அதிகாரி, பழக்கத்தில்.

பின்னால் நின்ற, வள்ளூர் பக்கம் வேலைக்குப் போகிற பெண் கையிலிருந்த டிபன் பையோடு முன்னால் வந்தாள். "நாந்தான் சார் அது."

அதற்குப் பிறகு அவர் சாட்சி கேட்கவில்லை. எழுதிக்கொண்டே போனார். பேனா மை தீர்ந்தபோது அக்கா தன் பேனாவைக் கொடுத்தாள். செத்துப்போன அந்தப் பெண்ணின் தங்கை கடைசியாக வந்தாள். "எங்க அக்கா பேரு எந்த எட்த்துலயும் இல்ல சார். நீயாவது எழுது" என்றாள். அவர் எழுதினார். எழுதியதை அவளிடம் ஒருமுறை வாசித்தும் காட்டினார்.

ஜேசிபி திரும்பிப் போனது. கொட்டகை ரெக்கார்டில் ஏறியது.

ஆனால் அக்கா அதோடு விடுகிறவளா? ஸ்டேஷன் வாசலில் வரலாற்றுப் பலகை ஒன்று வைத்தார்கள். அதில் கொட்டகை இல்லை. அக்கா பலகையின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள்: 'இந்த நெயலு ஜனங்க போட்டது.' ஸ்டேஷன் மாஸ்டர் அழித்தார். மறுநாள் அக்கா எழுதினாள். அவர் அழித்தார். மழைக்காலம் முழுக்க இது நடந்தது. மழை அழித்த நாட்களில் மாஸ்டருக்கு ஓய்வு.

பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. போகும் முன் பெயின்டரைக் கூப்பிட்டு, பலகையில் எனாமலில் எழுதவைத்துவிட்டுப் போனார்: 'இந்த நிழல் மக்கள் அமைத்தது.' லைனே பூரித்துப் போனது. அக்கா மட்டும் கொதித்துவிட்டாள்.

"எவன்யா என் நெயல நிழலாக்குனது? அமைச்சாங்களாம்! இதுங்க இன்னா மந்திரியா, அமைக்க? போட்டாங்கய்யா. தல மேல தூக்கியாந்து போட்டாங்க!"

சுண்ணாம்புக் கட்டி மறுபடி வெளியே வந்தது. இப்போது போனாலும் பார்க்கலாம்: மேலே எனாமலில் நிழல், கீழே சுண்ணாம்பில் நெயலு. புது மாஸ்டர் அழிப்பதில்லை.

நான் வேலை மாறித் தாம்பரத்துக்குக் குடி வந்துவிட்டேன். போன வருடம் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். கூடை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "மீஞ்சூர்ல இன்னாமோ புது வேல நடக்குதாம். ஞாயித்திக்கெயம சும்மாதான கீறே? போய்ப் பாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இரண்டு வண்டி மாறி வடக்கே போகிறேன். பார்த்ததைப் பிளாட்பாரத்திலிருந்தே போனில் சொல்வேன். புதுக் கூரை போட்டிருக்கிறார்கள் அக்கா என்றால், "அதுல மொதல்ல ஒதுங்குனது யாரு?" என்பாள். தெரியாது என்பேன். "அத கேக்காம அம்மாந்தூரம் போய் இன்னாத்த பாத்தே? கண்ணு கீதா, இல்ல அடகு வெச்சிட்டியா? போ, திரும்பிப் போய்க் கேளு!"

திரும்பிப் போய்க் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எங்கே கிளம்புகிறீர்கள் என்று வீட்டில் கேட்டால், பக்கத்தில்தான் ஒரு சின்ன வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஐம்பது கிலோமீட்டர் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு இத்தனை சந்தோஷமாக வீடு திரும்புவதை யாருக்கும் எப்படி விளக்குவது?